நாவலில் வரும் கவசத்தை ஃபோமில் செய்வது: கேள்வி பதில்

கற்பனை உலக நாவல் எழுதிக்கொண்டே, கதாபாத்திரத்தின் கவசத்தையும் ஈவிஏ ஃபோமில் (கத்தியால் வெட்டி, சூட்டில் வளைக்கக்கூடிய நுரைத் தகடு) செய்துவருபவர்கள் கேட்ட கேள்விகள் இவை.

நாவல் இரண்டாம் வரைவில் இருக்கிறது. கவசத்தை இப்போதே வெட்டலாமா?

நாவல் முழுக்க முடியக் காத்திருக்க வேண்டாம். நாயகி கவசத்தோடு வரும் காட்சிகள் நிலைத்துவிட்டால் போதும். அந்தக் காட்சிகளில் அவள் உடம்பு என்னென்ன செய்கிறது என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள்: வில் இழுக்கிறாள், மதிலில் ஏறுகிறாள், மண்டியிடுகிறாள். வடிவமைப்பு இந்தத் தாளிலிருந்து தொடங்கட்டும். அழகான ஓவியத்திலிருந்து தொடங்கினால் பெரும்பாலும் கை தூக்க முடியாத கவசம்தான் வரும். வில்லாளிக்கு மார்பில் புடைத்த அலங்காரம் வைத்தால் நாண் அதில் மாட்டும். தோள்கவசம் கழுத்துப் பக்கம் உயர்ந்திருந்தால் நாணை இழுக்கும்போது தாடையில் இடிக்கும். அட்டையில் மாதிரி வெட்டி, டேப்பால் உடம்பில் ஒட்டி, அந்த அசைவுகளைச் செய்து பார்த்த பிறகே ஃபோமில் கத்தி வையுங்கள்.

குலச்சின்னம் போன்றவை கடைசி வரைவு வரை மாறக்கூடியவை. அவற்றை 2 மி.மீ. ஃபோமில் தனியாக வெட்டி வெல்க்ரோவில் பொருத்துங்கள். கதையில் சின்னம் மாறினால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

மார்புக்கவசத்துக்கு அளவு எடுப்பது எப்படி?

கவசத்துக்குள் போடப்போகும் உடையை அணிந்துகொண்டு, அதன் மேல் பிளாஸ்டிக் உறையை இரண்டு சுற்று சுற்றுங்கள். மேலே மாஸ்கிங் டேப்பை இரண்டு மூன்று அடுக்கு ஒட்டுங்கள். இறுக்கிச் சுற்றக் கூடாது. மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்த நிலையில் சுற்றச் சொல்லுங்கள். நடுக்கோடு, இணைப்புக் கோடுகள், அவற்றின் குறுக்கே 5 செ.மீ.க்கு ஒரு சிறு கோடு ஆகியவற்றை மார்க்கரால் வரைந்துவிட்டு, இன்னொருவரை விட்டு முனை மழுங்கிய கத்தரியால் வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். ஒரு பாதியை மட்டும் அட்டைக்கு மாற்றி, மறுபாதிக்கு அதையே திருப்பிப் போட்டு வரையுங்கள். நம் உடம்பின் இரு பக்கமும் ஒரே அளவு இல்லை. இரண்டையும் தனித்தனியே வெட்டினால் கவசம் கோணலாகத் தெரியும்.

பலரும் தவறவிடுவது ஃபோமின் தடிமன். 10 மி.மீ. ஃபோம் உடம்பை முழுதாகச் சுற்றும்போது சுற்றளவில் ஏறக்குறைய 3 செ.மீ. கூடுதலாக வேண்டும். 5 மி.மீ. என்றால் அதில் பாதி.

ஒட்டிய இணைப்புகள் ஓரிரு நாளில் பிளந்துகொள்கின்றன. பசை சரியில்லையா?

பசையைவிட, அவசரம்தான் பெரும்பாலும் காரணம். காண்டாக்ட் சிமெண்ட் என்ற பசையை இரு விளிம்புகளிலும் மெல்லியதாகத் தடவி, 10 முதல் 15 நிமிடம் விடவேண்டும். விரல் முதுகால் தொட்டால் நூல் இழுக்கக் கூடாது. பளபளப்பு போய் மங்கியிருக்க வேண்டும். ஈரத்தோடு சேர்த்தால் பசையிலுள்ள, ஆவியாக வேண்டிய கரைப்பான் உள்ளே சிக்கிக்கொண்டு பிடிமானமே வராது. வெட்டிய விளிம்பு முதல் பூச்சை உறிஞ்சிவிட்டால் இன்னொரு பூச்சு கொடுங்கள்.

சேர்க்கும்போது ஒரு முனையிலிருந்து ஒட்டிக்கொண்டே போகாதீர்கள். முதலில் இரு முனைகள், பிறகு நடு, பிறகு இடைப்பட்ட இடங்கள், அளவெடுத்தபோது வரைந்த குறுக்குக் கோடுகள் நேர்படும்படி. அப்போது சில மி.மீ. வித்தியாசம் இருந்தாலும் பரவி மறைந்துவிடும்.

இன்னொரு காரணம், ஒட்டிய பிறகு ஹீட் கன்னால் (சூடான காற்றை ஊதும் கருவி) வளைப்பது. சூட்டில் பசை இளகும். முதலில் வளையுங்கள், ஆறவிடுங்கள், அப்புறம் ஒட்டுங்கள். கத்தியும் முக்கியம்: மழுங்கிய பிளேடு ஃபோமைக் கிழிக்கும், பிய்ந்த விளிம்பு முழுதாகத் தொடாது. ஒவ்வொரு சில வெட்டுக்கும் பிளேடைத் தீட்டுங்கள். முனை போனால் தயங்காமல் மாற்றுங்கள்.

முழங்கை மடியும் இடத்தில் பெயின்ட் வெடிக்கிறது.

வளையும் ஃபோமின் மேல் வளையாத பூச்சு இருக்கிறது, அதனால்தான். முதலில், ஒட்டுவதற்கு முன்பே, ஹீட் கன்னை நிறுத்தாமல் அசைத்து மேற்பரப்பை மூடுங்கள். நுண்துளைகள் அடைந்து லேசான மினுமினுப்பு வந்ததும் அடுத்த இடத்துக்கு நகருங்கள். ஒரே இடத்தில் நின்றால் கொப்புளிக்கும். பிறகு ரப்பர் வகை பிரைமரை (பெயின்டுக்கு முன் கொடுக்கும் பூச்சு) மெல்லிய பூச்சாக 3 அல்லது 4 தடவை, ஒவ்வொன்றும் காய்ந்த பின். அதன் மேல் அக்ரிலிக்: கறுப்பு அடித்தளம், காய்ந்த தூரிகையால் வெள்ளி நிறம், பள்ளங்களில் நீர்த்த கறுப்பு. அதிகம் மடியும் இடத்தைத் தகடாக்காமல் உள்ளுடையாகவே விட்டுவிடுவது இன்னும் நல்லது. உண்மையான தகட்டுக் கவசங்களிலும் அக்குளில் சங்கிலி வளையங்கள்தான் இருந்தன.

ஃபோம் கவசத்தை அணிந்து பார்த்து அந்த அனுபவத்தை நாவலில் எழுதலாமா?

சிலவற்றுக்கு மட்டும். பார்வை எவ்வளவு குறுகுகிறது, எந்தப் பக்கிளைத் தானே பூட்ட முடியவில்லை, கை எந்த உயரத்தில் நிற்கிறது என்பதையெல்லாம் ஃபோம் ஓரளவு சொல்லும். எடை, ஓசை, அடி விழும் அதிர்ச்சி ஆகியவற்றுக்கு அதை நம்பாதீர்கள். 15-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் முழுத் தகட்டுக் கவசம் ஏறக்குறைய 20 முதல் 25 கிலோ. அந்த எடை உடம்பெங்கும் பரவியிருந்ததால், பழகிய வீரனால் ஓடவும், உதவியின்றிக் குதிரை ஏறவும் முடிந்தது. விழுந்தால் ஆமைபோல் கிடப்பான் என்று எழுதினால் அது பிழை.

நாயகி தனியாகவே கவசம் அணியும் காட்சி இருக்கிறது. எந்த வரிசையில்?

கால்களில் தொடங்கி மேலே: கால், தொடை, உடற்பகுதி, கைகள், கடைசியில் தலை. கையுறையைப் போட்ட பிறகு வேறெந்த வாரையும் பூட்ட வைக்காதீர்கள். பக்கிள்கள் முதுகில் இருந்தால் துணைக்கு ஆள் வேண்டும்; தனியாக அணிய வேண்டுமென்றால் அவற்றை விலாவுக்குக் கொண்டுவந்து, செய்யும் கவசத்திலும் அப்படியே வையுங்கள்.

பசை காயும் நேரத்தில் அதே மேசையில் எழுதுவது சரியா?

அதே அறையில் கூடாது. கரைப்பான் ஆவி தலைவலியும் மயக்கமும் தரும், தீயும் பிடிக்கும். ஜன்னலைத் திறந்து, கரிம ஆவிக்கான வடிகட்டி உள்ள முகமூடியோடு ஒட்டுங்கள். தூசிக்கான சாதாரண முகமூடி ஆவியைத் தடுக்காது. அலாரம் வைத்துவிட்டு வேறு அறையில் எழுதுங்கள். 15 நிமிடத்தில் புதுக் காட்சி ஓடாது. நேற்று எழுதிய பக்கத்தைத் திருத்தலாம். புதிதாக எழுதுவதைப் பிரைமர் காயும் மணிநேரங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.