வாசகர் கேள்விகள்: மேகம் மூடிய சம்பாவை ராடாரில் பார்ப்பது எப்படி?

கேள்வி: ஐப்பசி, கார்த்திகையில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்தால் மேகம்தான் தெரிகிறது. ராடார் படத்தை வைத்து எங்கள் ஒன்றியத்தின் சம்பா பரப்பைக் கணக்கிட முடியுமா?
– மன்னார்குடி வாசகர்

பதில்: முடியும். ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-1 ராடார் செயற்கைக்கோள்களின் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றின் ராடார் அலை சுமார் 5.6 செ.மீ. நீளமுள்ளது, மேகத்தை எளிதாகக் கடந்துவிடும். ஒரு செயற்கைக்கோள் 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்பும்.

நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல் கண்ணாடி போல அலையை வேறு பக்கம் தள்ளிவிடுவதால் படத்தில் கறுப்பாக விழும். பயிர் தூர் கட்டி உயர உயர வெளுக்கும். இந்தக் கறுத்து வெளுக்கும் ஏற்றம்தான் நெல்லின் அடையாளம். ஒரே ஒரு படத்தைப் பார்த்து நெல் என்று முடிவு கட்டக் கூடாது. செப்டம்பர் முதல் ஜனவரி வரை வரும் படங்களை வரிசையாக எடுங்கள். எல்லாம் ஒரே பாதையில் எடுத்தவையாக இருக்கட்டும். பாதை மாறினால் பார்வைக் கோணம் மாறும், பயிர் வளராமலே திரும்பி வரும் அலையின் அளவு ஏறி இறங்கும்.

ஸ்னாப் என்ற இலவச மென்பொருளில் ஜி.ஆர்.டி. (தரைத் தொலைவுக்கு மாற்றிய) வகைப் படத்தைத் திறந்து, சுற்றுப்பாதைக் கோப்பு (செயற்கைக்கோள் இருந்த துல்லிய இடம்), வெப்ப இரைச்சல் நீக்கம், அளவுத்திருத்தம், ஸ்பெக்கிள் (ராடார் படத்தின் புள்ளிப்புள்ளியான இரைச்சல்) வடிகட்டல், நிலமட்டத் திருத்தம் என்று இதே வரிசையில் செய்யுங்கள். டெசிபலுக்கு, அதாவது மடக்கை (லாகரிதம்) அளவுக்கு, மாற்றுவது கடைசியில். முதலிலேயே மாற்றிவிட்டு வடிகட்டினால், மடக்கை எண்களைச் சராசரி எடுத்ததாகிவிடும், விடை உண்மையைவிடக் குறைந்துபோகும். நெல்லுக்கு வி.எச். படத்தை (செங்குத்தாக அனுப்பிக் கிடையாகப் பெற்ற அலையின் படம்) பாருங்கள், வளர்ச்சி அதில் தெளிவாகத் தெரியும்.

டெல்டாவில் பெரிய சறுக்கல் நேரடி விதைப்பில்தான். புழுதியில் விதைத்த வயலில் தொடக்கத்தில் தண்ணீர் நிற்காது, அதனால் அந்தக் கறுப்பும் வராது. நடவுக்கான விதியை மட்டும் போட்டால் அந்த வயல்கள் கணக்கிலேயே சேராது. அவற்றுக்குத் தனி விதி வேண்டும். அதற்கு வயலில் நேரில் குறித்த புள்ளிகள் தேவை. பாதியை விதி அமைக்க வைத்துக்கொண்டு, மீதியைச் சரிபார்க்கத் தொடாமல் வையுங்கள்.

ஒரு படப்புள்ளி 10 மீட்டர் என்றாலும் உண்மையான பிரிதிறன் சுமார் 20 மீட்டர். ஒரு மா நிலத்தில், அதாவது 33 சென்ட்டில், 13 படப்புள்ளிதான் அடங்கும். வரப்போரம் கலங்கிவிடும். ஊர்ப் பரப்புக்கு இந்தக் கணக்கு நம்பகமானது. தனி விவசாயியின் இழப்பீட்டை இதை மட்டும் வைத்து மறுப்பது அநியாயம்.

கேள்வி: நிரம்பிய ஏரியை ராடார் படம் பாதி வற்றியதாகக் காட்டுகிறதே?
– சிவகங்கை வாசகர்

பதில்: இரண்டு காரணம் இருக்கலாம். காற்றில் அலையடித்தால் நீர்ப்பரப்பு சொரசொரப்பாகி, வி.வி. படத்தில் (செங்குத்தாக அனுப்பிச் செங்குத்தாகவே பெற்ற அலையின் படம்) வெளுக்கும். அன்றைய வி.எச். படத்தையும் சேர்த்துப் பாருங்கள், காற்று அதை அவ்வளவு பாதிக்காது. ஏரிக்குள் சீமைக்கருவேலம் இருந்தால் சிக்கல் வேறு. 5.6 செ.மீ. அலை இலையிலும் கிளையிலுமே சிதறிவிடும், அடியில் நிற்கும் தண்ணீர் தெரியாது. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட, நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து உருவாக்கிய நிசார் ராடார் செயற்கைக்கோளில் சுமார் 24 செ.மீ. நீள எல் அலையும் உண்டு. அது இலைத்தழையை ஊடுருவும். மரத்தடியில் தண்ணீர் நின்றால், நீரிலும் அடிமரத்திலும் இருமுறை பட்டுத் திரும்பி மிகப் பளிச்சென்று தெரியும். அங்கே தண்ணீர் கறுப்பாக இருக்கும் என்று தேடாதீர்கள்.