வெளியுறவுத் துறையின் இரண்டு வேர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இந்திய வெளியுறவு அமைச்சகம் 1947இல் நேரு உருவாக்கியது என்றே இதுவரை எண்ணியிருந்தேன். அண்மையில் வெளிவந்த உங்கள் கட்டுரையில் போகிறபோக்கில் அது கம்பெனிக் காலத்து அலுவலகம் என்று எழுதியிருந்தீர்கள். தன்னாட்சியே இல்லாத நாட்டுக்கு வெளியுறவு எப்படி இருந்திருக்க முடியும்? பிரதமர்களே நேரில் பேசி முடிவெடுக்கும்போது அந்தத் துறைக்கு என்ன வேலை மிஞ்சுகிறது? கச்சத்தீவு விஷயத்தில் தமிழகத்தைக் கேட்காமலே எல்லாம் நடந்தது என்கிறார்களே, சட்டம் அதற்கு இடம் கொடுத்ததா?

ஆர்.,
கும்பகோணம்

அன்புள்ள ஆர்.,

1783 செப்டம்பரில், வாரன் ஹேஸ்டிங்ஸ் நிர்வாகத்தின் மீதிருந்த பணிச்சுமையைக் குறைப்பதற்காக, இரகசிய அலுவல்களையும் அரசியல் அலுவல்களையும் கவனிக்கக் கல்கத்தாவில் ஒரு தனித் துறை அமைக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி முடிவு செய்தது. அப்போது கம்பெனி மைசூருடன் போரில் இருந்தது. மராத்தியருடன் சால்பாய் உடன்படிக்கை கையெழுத்தாகி ஓராண்டுதான் ஆகியிருந்தது. எனவே அந்தத் துறையின் பார்வையில் அயல்நாடு என்பது ஐரோப்பிய அரசுகள் மட்டுமல்ல, ஸ்ரீரங்கப்பட்டணமும் புணேயும் ஐதராபாத்தும்கூட. ‘தன்னாட்சியே இல்லாத நாடு’ என்று நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் அந்தத் துறை நாட்டுக்குச் சொந்தமானதாக இருக்கவில்லை; நாட்டைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சொந்தமானதாக இருந்தது. ஆளும் நிலப்பரப்பு வளர வளர, அதன் அக்கறை இயல்பாகவே எல்லைகளை நோக்கி நகர்ந்தது.

1843இல் எல்லன்பரோ பிரபு தலைமைச் செயலகத்தை வெளியுறவு, உள்துறை, நிதி, இராணுவம் என நான்காகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு செயலரை வைத்தார். சமஸ்தானங்களில் ஆங்கிலேய அரசின் பிரதிநிதிகளாக இருந்த ரெசிடென்ட்டுகள் மட்டுமல்லாமல், பாரசீக வளைகுடாக் கரையில் புஷெர் நகரில் இருந்த ரெசிடென்ட்டும் இந்திய அரசுக்குத்தான் அறிக்கை அனுப்பினார். வளைகுடாப் பொறுப்பு லண்டனுக்கு மாற்றப்பட்டது 1947 ஏப்ரலில். வளைகுடாவின் சில பகுதிகளில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ரூபாய் 1960களின் நடுப்பகுதி வரை செல்லுபடியானதற்கும் இந்தப் பழைய தொடர்பே பின்னணி.

இத்துறையின் ஆற்றலை அறிய வேண்டுமானால் இரண்டு கோடுகளைப் பார்த்தால் போதும். 1893இல் காபூலில் ஆப்கானிய மன்னர் அமீர் அப்துர் ரஹ்மானுடன் உடன்பாடு செய்துகொண்டு, இன்றைய பாகிஸ்தான்–ஆப்கானிஸ்தான் எல்லையாக உள்ள கோட்டை வகுத்த மார்ட்டிமர் டுராண்ட் அப்போது இந்திய அரசின் வெளியுறவுச் செயலர். 1913–14 சிம்லா மாநாட்டில் திபெத்தியப் பிரதிநிதியுடன் கடிதம் பரிமாறி இமயமலையின் மேல் கோடிட்ட ஹென்றி மக்மோகனும் அதே பதவியில் இருந்தவர்தான். தூதரக வரலாற்றில் ஒரே அலுவலகத்தின் இரு செயலர்களுடைய பெயர்கள் இப்படி உலக வரைபடத்தில் நிலைத்ததற்கு வேறோர் உதாரணம் எனக்குத் தோன்றவில்லை. 1947 செப்டம்பரில் பாகிஸ்தானை ஐ.நா.வில் சேர்த்துக்கொள்ளும் தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு ஆப்கானிஸ்தான். டுராண்ட் கோடுதான் அதன் மனக்குறை. மக்மோகன் கோட்டைச் சீனா இன்றுவரை ஏற்கவில்லை.

இது ஒரு வேர். இன்னொன்றைப் பற்றி நம் ஊரில் அதிகம் பேசுவதில்லை. உண்மையில் அதுதான் நமக்கு நெருக்கமானது. 1922ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டத்தின்படி, தோட்டத் தொழிலாளர்களின் நலனைக் கவனிக்க இலங்கையிலும் மலாயாவிலும் இந்திய அரசு ஏஜென்ட்டுகளை நியமித்தது. கண்டியிலும் கோலாலம்பூரிலும் இருந்த அந்த அதிகாரிகளின் வேலை எல்லையோ உளவோ அல்ல. தொழிலாளிக்கு நாளொன்றுக்கு என்ன கூலி, லயம் எனப்படும் வரிசைக் குடியிருப்பில் எத்தனை பேர், கங்காணி எவ்வளவு பிடித்துக்கொள்கிறான் என்று விசாரித்து எழுதுவது அவர்கள் வேலை. தென்னாப்பிரிக்காவுக்கு 1927இல் முதல் ஏஜென்ட்டாகச் சென்றவர் உங்கள் ஊருக்கு அருகே வலங்கைமானில் பிறந்த வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரி. தில்லியில் இவ்வலுவல்கள் வெளியுறவுத் துறையிடம் இருக்கவில்லை. கல்வி, சுகாதாரம், நிலம் ஆகியவற்றைக் கவனித்த துறையின் மேசையில் கிடந்தன. 1941இல்தான் கடல்கடந்த இந்தியர்களுக்கென்று தனித் துறை பிறந்தது. 1944இல் அது காமன்வெல்த் உறவுத் துறையானது.

1946 செப்டம்பர் 2 அன்று இடைக்கால அரசு பதவியேற்றபோது நேரு இவ்விரண்டு துறைகளையும் தம்மிடம் வைத்துக்கொண்டார். அதே ஆண்டு அக்டோபர் 9 அன்று இந்திய வெளிநாட்டுப் பணி என்னும் தனிப் பணித்தொகுதியை உருவாக்க அரசு முடிவெடுத்தது. இரு துறைகளும் ஒன்றாகி, 1949இல் இன்றைய பெயரைப் பெற்றன. நீங்கள் 1947 என்று எண்ணியதில் முழுத் தவறு இல்லை. எசமானரும் நோக்கமும் அன்று மாறினர், கோப்புகள் மாறவில்லை. இந்தியா 1919இல் வெர்சாய் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட நாடு. 1945இல் சான்பிரான்சிஸ்கோவில் ஏ. ராமசாமி முதலியார் அதன் சார்பில் ஐ.நா. சாசனத்தில் கையெழுத்திட்டார். விடுதலைக்குப் பின் அந்த உறுப்பினர் இடம் இந்தியாவிடமே தொடர, பாகிஸ்தான் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது.

கோப்புகளோடு சங்கடங்களும் வந்தன. 1904 படையெடுப்பின் விளைவாக ஆங்கிலேயர் திபெத்தில் பெற்ற சலுகைகளும் அவற்றில் அடங்கும்: யாதுங்கிலும் கியாந்சேயிலும் காவல் படை, தபால், தந்தி, வழித்தங்கல் விடுதிகள். காலனிய எதிர்ப்பைப் பேசிய ஒரு நாடு இவற்றை வைத்துக்கொள்வது பொருந்தாது என்று கருதி 1954 ஏப்ரல் உடன்பாட்டில் இந்தியா அவற்றைக் கைவிட்டது, அது சரியே. ஆனால் அதே சமயத்தில் எல்லைக் கோட்டைப் பற்றி எழுத்தில் ஒரு வரி பெற்றிருக்க வேண்டும் என்று வாதிட்டவர்கள் அமைச்சகத்துக்குள்ளேயே இருந்தனர். அவர்கள் பக்கம்தான் நியாயம் இருந்தது என்று நான் நினைக்கிறேன்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. பிரதமர் முன்னிற்பது புதிதல்ல. நேரு 1964இல் இறக்கும்வரை இந்த அமைச்சைப் பிறருக்குத் தரவில்லை. 1998இல் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் பதவி வந்தபின் பிரதமர் அலுவலகத்தின் எடை இன்னும் கூடியது. இருந்தும், இரு தலைவர்கள் கைகுலுக்குவதற்கு முன் கூட்டறிக்கையின் ஒவ்வொரு சொல்லையும் பேரம் பேசி எழுதிவைப்பவர்கள் அதிகாரிகளே. அவர்கள் கைகுலுக்கிப் போனபின், இருபது ஆண்டு கழித்து அச்சொல்லுக்கு என்ன பொருள் என்று தகராறு வரும்போது, பழைய கடிதத்தை எடுத்துக் காட்ட வேண்டியவர்களும் அவர்களே. தாசில்தார் மாறலாம், ஆனால் கிராம நிலம் யாருடையது என்பது கர்ணம் வைத்திருந்த கணக்கில்தான் இருந்தது.

இதற்கு அப்பால் சாமானிய மனிதன் இத்துறையைச் சந்திக்கும் இடம் பாஸ்போர்ட் அலுவலகம். வளைகுடாவில் சம்பளம் கிடைக்காத தொழிலாளியும், வெளிநாட்டில் இறந்தவரின் உடலுக்குக் காத்திருக்கும் குடும்பமும் போய் நிற்பது தூதரக வாசலில். நான் சொன்ன இரண்டாவது வேரின் கிளைகள் இவை. அமைச்சகம் இன்றும் முதல் வேரையே தன் முதுகெலும்பாகக் கருதுகிறது என்பது என் கணிப்பு. 1983 குடியேற்றச் சட்டம் முதலில் தொழிலாளர் அமைச்சகத்திடம் இருந்தது. 2004இல் அயலக இந்தியர்களுக்கென்று தனி அமைச்சகம் தொடங்கி, 2016இல் மீண்டும் வெளியுறவுடன் இணைத்தார்கள். இந்த அலைக்கழிப்பு 1920களில் தொடங்கியது.

மக்களை எண்களாகப் பார்ப்பதும் இதன் பகுதியே. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்து, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது.

கச்சத்தீவுக்கு வருகிறேன். அயல்நாட்டு அலுவல்களும் உடன்படிக்கைகளும் அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் ஒன்றியப் பட்டியலில் உள்ளன. உடன்படிக்கை செய்ய நாடாளுமன்ற ஒப்புதல்கூடக் கட்டாயமில்லை. இந்திய நிலத்தை விட்டுக்கொடுப்பதற்கு மட்டும் அரசியலமைப்புத் திருத்தம் வேண்டும் என்று 1960இல், மேற்கு வங்கத்துப் பெருபாரிப் பகுதியைப் பாகிஸ்தானுடன் பகிர்ந்துகொள்வது குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தது. கச்சத்தீவு தகராறுக்குரிய இடம், எனவே விட்டுக்கொடுத்தலே நிகழவில்லை என்று ஒன்றிய அரசு நிலையெடுத்ததால் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விட்டது. 1974 ஜூனில், தீவை இலங்கையின் பக்கம் சேர்த்த ஒப்பந்தத்தைப் பற்றி வெளியுறவுச் செயலர் கேவல் சிங் சென்னைக்கு வந்து முதல்வர் கருணாநிதியிடம் விவரம் சொன்னார்; ஆனால் விவரம் சொல்வது ஒன்று, ஒப்புதல் கேட்பது வேறு. அந்த ஆண்டு ஆகஸ்டில் சட்டமன்றம் மறுபரிசீலனை கோரித் தீர்மானம் நிறைவேற்றியது.

அதைவிடக் கனமானது 1976 மார்ச் 23. அன்று கேவல் சிங்கும் இலங்கையின் வெளியுறவுச் செயலரும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள், இரு நாட்டு மீனவரும் மற்றவரின் கடற்பரப்பில் மீன்பிடிக்கக் கூடாது என்று முடிவு செய்தன. ராமேசுவரத்து மீனவரின் வாழ்க்கையை 1974 ஒப்பந்தத்தைவிடக் கூடுதலாகப் பாதித்தது இக்கடிதம்தான். அப்போது நெருக்கடி நிலை நடப்பில் இருந்தது. தமிழக அரசு ஜனவரி 31 அன்றே கலைக்கப்பட்டிருந்ததால், எதிர்த்துத் தீர்மானம் போடச் சட்டமன்றமும் இல்லை.

மாநிலங்களோடு தொடர்புகொள்ள அமைச்சகத்தில் 2014இல் ஒரு தனிப் பிரிவு தொடங்கினார்கள். அதற்குக் கலந்தாலோசிக்கும் கடமை எதுவும் சட்டத்தில் இல்லை. 2011 செப்டம்பரில் டாக்காவில் கையெழுத்தாகவிருந்த தீஸ்தா நீர்ப் பகிர்வு உடன்பாடு, மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜி ஏற்க மறுத்ததால் நின்றது, இன்னும் கையெழுத்தாகவில்லை. அன்றும் அரசியலமைப்பு இதுவேதான். அவருடைய கட்சி அப்போது ஒன்றியக் கூட்டணி அரசில் அங்கம் வகித்தது.

அன்புடன்,
ஆசிரியர்