சுவரை இடித்தால் பேச்சு வளருமா?

கேள்வி: முப்பது பேர் பணிபுரியும் எங்கள் அலுவலகம் விரைவில் வேறு தளத்துக்கு மாறவிருக்கிறது. தடுப்புகள் எதுவுமின்றி நீண்ட மேசைகளை வரிசையாகப் போட்டுவிட்டால் ஊழியர்கள் கலந்து பேசுவார்கள், வேலையும் வேகமாக நடக்கும் என்கிறார் உரிமையாளர். இது சரியா?
(நிர்வாக மேலாளர் ஒருவர்)

பதில்: உங்கள் உரிமையாளரின் எண்ணம் புதியதன்று. 1950-களின் பிற்பகுதியில் ஜெர்மனியில் சுவர்களை அகற்றி, இடையிடையே செடித் தொட்டிகளை வைத்து அமைத்த அலுவலகங்களும் இதே நம்பிக்கையில் எழுந்தவைதாம். ஆனால் 2018-இல் வெளியான ஹார்வர்டு ஆய்வு ஒன்று இதற்கு நேர்மாறானதைக் கண்டது. இரண்டு பெரிய நிறுவனங்களின் ஊழியர்களுக்கு உணர்கருவிகளை அணிவித்து, தடுப்புகளை நீக்குவதற்கு முன்னும் பின்னும் அளந்து பார்த்ததில், நேருக்கு நேர் பேசுவது ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்து, திரைவழிச் செய்திப் பரிமாற்றம் கூடியிருந்தது. எந்நேரமும் பிறர் பார்வையில் இருக்க நேர்ந்தால் மனிதர் தமக்குத் தாமே ஒரு சுவரை எழுப்பிக்கொள்வார் போலும். அத்தகைய ஓர் அலுவலகத்தில், காதில் ஹெட்போனுடன் அமர்ந்திருந்த கணக்காளர் ஒருவரிடம் என்ன பாட்டு என்று கேட்டேன். "பாட்டெல்லாம் ஒன்றுமில்லை சார், இது தலையில் இருந்தால் யாரும் கூப்பிட மாட்டார்கள்" என்றார்.

கவனத்தைச் சிதறடிப்பது ஓசையின் அளவைவிட, அதில் சொற்கள் புரிவதுதான். மின்விசிறியின் இரைச்சல் சற்று நேரத்தில் பழகிவிடும். பக்கத்து மேசைக்காரர் தொலைபேசியில் பேசுவதை நாம் விரும்பாவிட்டாலும் மனம் பின்தொடர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே நாள் முழுவதும் தொலைபேசியில் பேசும் விற்பனைப் பிரிவினரை ஒரு கோடியிலும், கணக்கு, எழுத்து, நிரலாக்கம் போன்ற வேலை செய்வோரை மறு கோடியிலும் அமர்த்தி, இடையில் கோப்பு அலமாரிகளையும் கூட்ட அறையையும் வையுங்கள். கண்ணாடித் தடுப்பு பார்வைக்கு அழகு. ஆனால் ஒலியை அப்படியே திருப்பி அனுப்பும். அந்தச் செலவை ஒலியை உறிஞ்சும் கூரைத் தகடுகளுக்கும் தரைவிரிப்புக்கும் திருப்பிவிடலாம். பன்னிரண்டு பேர் அமரும் பெரிய கூட்ட அறை வாரத்தில் பாதி நாள் பூட்டியே கிடக்கும் என்பதால், ஓரிருவர் கதவைச் சாத்திக்கொண்டு பேசக்கூடிய மூன்று சிற்றறைகளையே நான் பரிந்துரைப்பேன்.

கலந்து பேசுவதற்கு வேண்டியது திறந்த வெளியன்று, அருகாமை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் தாமஸ் ஆலன் 1970-களில் பொறியாளர்களிடையே நடத்திய ஆய்வில், இருக்கைகளுக்கு இடையிலான தூரம் கூடக்கூடப் பேச்சு வேகமாகக் குறைந்து, 50 மீட்டருக்கு அப்பால் அநேகமாக இல்லாமலே போனதைக் கண்டார். யார் யாரோடு தினமும் பேச வேண்டியிருக்கிறது என்று ஊழியர்களிடமே கேட்டு எழுதி வாங்கிய பிறகு வரைபடத்தில் கைவையுங்கள்.

கேள்வி: மதியத்துக்கு மேல் எங்கள் அறையில் எல்லோருக்கும் தலைவலியும் தூக்கமும் வருகின்றன. ஏ.சி. நன்றாகத்தான் இயங்குகிறது. என்ன குறை?
(ஒரு வாசகி)

பதில்: குளிர்ந்த காற்று வேறு, புதிய காற்று வேறு. சுவரில் மாட்டும் ஏ.சி.க்களில் பெரும்பாலானவை அறைக்குள் இருக்கும் காற்றையே சுழற்றிக் குளிர்விக்கின்றன. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. வெளியே பத்து லட்சத்தில் 420 பங்கு அளவில் உள்ள கரியமில வாயு, பலர் அமர்ந்திருக்கும் பூட்டிய அறையில் சில மணி நேரத்தில் 1,000 பங்கைத் தாண்டிவிடலாம். அவ்வாறு தாண்டினால் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். உணவு இடைவேளையில் சன்னல்களைத் திறந்துவையுங்கள். நிரந்தரத் தீர்வுக்கு வெளிக்காற்றை இழுக்கும் விசிறி ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள்.

தலைவலிக்குத் திரையும் காரணமாக இருக்கலாம். கணினித் திரையை அணைத்துவிட்டு, வழக்கமாக அமரும் நிலையிலேயே அந்தக் கறுப்புப் பரப்பைப் பாருங்கள். அதில் சன்னலோ விளக்கோ தெரிந்தால், நாள் முழுவதும் உங்கள் கண் அந்தப் பிரதிபலிப்போடுதான் மல்லுக்கட்டுகிறது. சன்னல் முன்னாலோ முதுகுக்குப் பின்னாலோ இல்லாமல் பக்கவாட்டில் வருமாறு மேசையைத் திருப்பினால் போதும். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழோ, ஒரு கை நீளத் தொலைவில் இருக்கட்டும். மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் ஒட்டியே இருப்பதால் இரண்டையும் ஒருசேரச் சரிசெய்ய இயலாது. அதை உயர்த்தி வைத்துத் தனி விசைப்பலகை ஒன்றை இணைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: செடி, ஓவியம் என்று அலங்கரிப்பதால் வேலை கூடுமா, அல்லது வீண் செலவா?
(சிறுநிறுவன உரிமையாளர் ஒருவர்)

பதில்: ஓரளவு கூடும். 2010-இல் வெளியான எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வில், வெறுமையான அறையைவிடச் செடியும் படமும் வைத்த அறையில் வேலை ஏறத்தாழ 17 விழுக்காடு மிகுந்தது. அவற்றை எங்கே வைப்பது என்பதைப் பணிபுரிபவரே தீர்மானித்தபோது அது 32 விழுக்காடு வரை சென்றது. அவர் வைத்ததை ஆய்வாளர் வந்து மாற்றி அடுக்கியதும் அந்தப் பலன் காணாமற்போனது. தொட்டிகளைத் தாராளமாக வாங்கிக் கொடுங்கள். மாலையில் எல்லோரும் சென்ற பின் வந்து நகர்த்தி வைக்காதீர்கள்.