எக்ஸோம் ரிப்போர்ட்டில் 'எதுவும் இல்லை' என்றால் போதுமா?

கேள்வி: காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊர். எனக்கு 27 வயது. ஐயாவுக்கு (அப்பாவின் அப்பா) நடை தள்ளாடிப் பேச்சும் குழறியது. அப்பச்சிக்கும் (அப்பா) 46 வயதில் அதே தொல்லை தொடங்கிவிட்டது. குடித்திருக்கிறார் என்று ஊரில் பேசுகிறார்கள். அவருக்கு எடுத்த எக்ஸோம் டெஸ்டில் (மரபணுக்களின் புரதம் உருவாக்கும் பகுதிகளைப் படிக்கும் டெஸ்ட்) எதுவும் இல்லை. எனக்கு அத்தை மகளைப் பேசுகிறார்கள். ஒரே கோயில் என்றால் பங்காளிகள், அதற்குள் கட்டமாட்டோம்; இங்கே கோயில் வேறுதானே, பயமில்லை என்கிறார்கள். சரியா?

பதில்: அந்த ரிப்போர்ட்டை வைத்து முடிவெடுக்காதீர்கள். தலைமுறை தவறாமல் வரும் தள்ளாட்டம் என்றால் எனக்கு முதல் சந்தேகம் எஸ்.சி.ஏ. எனும் சிறுமூளைத் தேய்வு நோய்கள் மேல்தான். இவற்றில் பலவற்றுக்குக் காரணம், மரபணுவில் சி-ஏ-ஜி என்ற மூன்றெழுத்து அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வருவது. 1993-இல் மரபணு கண்டுபிடிக்கப்பட்ட முதல் வகையில், பொதுவாக 35 தடவை வரை இயல்பு. 40-ஐத் தாண்டினால் அதிலிருந்து உருவாகும் புரதம் சிறுமூளையின் பர்கின்ஜி என்ற நரம்பு செல்களை மெல்ல மெல்லக் கெடுக்கிறது. அப்பா வழியாக இறங்கும்போது எண்ணிக்கை இன்னும் கூடி, நோய் இளவயதிலேயே தலைகாட்டுவதும் உண்டு.

எக்ஸோம் டெஸ்ட் டிஎன்ஏவைப் பெரும்பாலும் 150 எழுத்து அளவுள்ள துண்டுகளாகப் படிக்கும். வீட்டு வளவில் (முற்றத்தைச் சுற்றிய பகுதி) வரிசையாக நிற்கும் ஒரே மாதிரித் தூண்களை மூன்று மூன்றாகப் படமெடுத்துவிட்டு, மொத்தம் எத்தனை தூண் என்று அந்தப் படங்களிலிருந்து சொல்ல முடியுமா? அந்தச் சிக்கல்தான் இங்கேயும். எழுத்துப்பிழையை அது பிடித்துவிடும். எண்ணிக்கைக்கு அதை நம்ப முடியாது. எண்ணுவதற்கென்று, டிஎன்ஏவின் அந்தப் பகுதியை மட்டும் பல பிரதிகள் எடுத்துப் பார்க்கும் பிசிஆர் முறையில் தனி டெஸ்ட் இருக்கிறது. நரம்பியல் மருத்துவரிடம் 'ரிப்பீட் எக்ஸ்பான்ஷன் டெஸ்ட்' என்றே கேளுங்கள். பி12, வைட்டமின் இ, தைராய்டு குறைபாடுகளும் தள்ளாட்டம் தரும், அவை மருந்தில் கட்டுப்படும். பார்க்கவில்லை என்றால் அவற்றையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

டெஸ்ட் முதலில் அப்பச்சிக்கு. எந்த மரபணு என்று தெரியாமல் உங்கள் ரத்தத்தில் தேடி 'இல்லை' என்று வந்தால், அதை நம்பி நிம்மதி அடைய முடியாது.

கோயில் அப்பா வழியில் மட்டும் வருவது. மரபணு இருவரிடமிருந்தும் வருகிறது. சந்தேகம் உறுதியானால் ஐயாவிடமிருந்து அத்தைக்கும் அது வந்திருக்க 50 சதவீத வாய்ப்பு உண்டு. அவர் மகளுக்கு 25. வெளியில் பெண் எடுத்தாலும் அப்பச்சியிடமிருந்து உங்களுக்கு வந்திருக்கக்கூடிய 50 சதவீத வாய்ப்பு அப்படியேதான் இருக்கும். நீங்கள் டெஸ்ட் செய்துகொள்வதா என்பது முழுக்க உங்கள் விருப்பம். கல்யாணப் பேச்சின் அவசரத்தில் செய்யாதீர்கள், மரபணு ஆலோசகரிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

நோயை நிறுத்த மருந்து இன்னும் இல்லை. ஆனால் சமநிலைப் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் அப்பச்சிக்கு உண்மையிலேயே உதவும், அதை இன்றே தொடங்கலாம். அப்புறம், குடித்திருக்கிறார் என்பவர்களிடம் இது சிறுமூளைக் கோளாறு என்று நீங்களே சொல்லிவிடுங்கள். கூச்சமில்லாமல் அவர் தெருவில் இறங்கி நடக்கட்டும்.