சர்வர் கேள்வி-பதில்: காலை ரிப்போர்ட் ஏன் வரவில்லை?

கேள்வி: எங்கள் லினக்ஸ் சர்வரில் தினமும் காலை 6 மணிக்கு ஒரு ஸ்கிரிப்ட் ஓடி, முந்தைய நாள் விற்பனை ரிப்போர்ட்டை மேலாளர்களுக்கு மெயில் செய்யும். புது சர்வருக்கு மாறியதிலிருந்து மெயில் வருவதே இல்லை. நானே கையால் ஓட்டினால் உடனே போகிறது. பிழைச் செய்தி எங்கேயும் காணோம். மெயில் பாஸ்வேர்டை மாற்றிப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம், பாஸ்வேர்டைத் தொடாதீர்கள். அது ஜிமெயில் கணக்காக இருந்து, முதன்மைப் பாஸ்வேர்டை மாற்றினால், அதற்காக எடுத்து வைத்த ஆப் பாஸ்வேர்டுகள் (ஸ்கிரிப்ட் போன்ற நிரல்கள் லாகின் செய்யத் தனியாக எடுக்கும் பாஸ்வேர்டுகள்) ரத்தாகிவிடும். இப்போது கையால் ஓட்டினால் போகிற மெயிலும் நின்றுவிடும்.

கையால் ஓட்டினால் போகிறது என்றீர்களே, பாதி விடை அதில் இருக்கிறது. மெயில் சர்வர், போர்ட், பாஸ்வேர்ட் மூன்றும் சரி. ஓட்டுகிறவர்தான் வேறு. நீங்கள் லாகின் செய்தவுடன் ஷெல் (உங்கள் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) உங்கள் அமைப்புக் கோப்புகளைப் படித்துச் சூழல் மாறிகளை, அதாவது நிரல்கள் எடுத்துக்கொள்ளும் பொது அமைப்பு மதிப்புகளை, நிரப்பிவிடுகிறது. காலை 6 மணிக்கு ஓட்டுவது க்ரான், அதாவது குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் லினக்ஸ் நிரல். அது அந்தக் கோப்புகளைப் படிப்பதில்லை. நிரல்களைத் தேட அதற்குத் தெரிந்தவை பெரும்பாலும் இரண்டே ஃபோல்டர்கள். பாஸ்வேர்டைச் சூழல் மாறியில் வைத்திருந்தால் க்ரானுக்கு வெற்றிடம்தான் கிடைக்கும். ரிப்போர்ட் கோப்பின் முழுப் பாதையை எழுதாமல் வெறும் பெயரை மட்டும் கொடுத்திருந்தாலும் இதே கதிதான். க்ரான் எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறது என்றும் பாருங்கள். அந்தப் பயனருக்குக் கோப்பைப் படிக்க அனுமதி இல்லாமல் இருக்கலாம்.

சரி, பிழை ஏன் கண்ணில் படவில்லை? ஸ்கிரிப்ட் சொல்வதை எல்லாம் க்ரான் மெயிலாகத்தான் அனுப்பும், அதுவும் அந்த சர்வரிலேயே உள்ள மெயில் நிரல் வழியாக. புது சர்வரில் அந்த நிரலே நிறுவப்படாமல் இருந்தால், செய்தி அப்படியே தொலைந்துபோகும். மெயில் போகவில்லை என்ற தகவலும் மெயிலை நம்பித்தான் இருக்கிறது! அதனால் க்ரான்டேப்பில் (க்ரானின் வேலைப் பட்டியலில்) உள்ள உங்கள் வரியின் முடிவில் >> போட்டு ஒரு லாக் கோப்பின் பெயரைக் கொடுத்து, அடுத்து 2>&1 சேருங்கள். பிழைச் செய்திகளும் அந்தக் கோப்பிலேயே பதிவாகும். பெறுநராக உங்கள் முகவரியை மட்டும் வைத்து, ஐந்து நிமிடம் கழித்து ஓடும்படி நேரத்தை மாற்றுங்கள். நாளைக் காலை வரை காத்திருக்க வேண்டியதில்லை.

லாகில் மெயில் சர்வரின் பதிலாக மூன்று இலக்க எண் வந்தால் முதல் இலக்கத்தைப் பாருங்கள். 4 என்றால் தற்காலிகம், கொஞ்சம் பொறுத்து மறுபடி அனுப்பலாம். 5 என்றால் எத்தனை முறை அனுப்பினாலும் அதே பதில்தான். 535 என்பது லாகின் மறுப்பு. பாஸ்வேர்ட் சரியாக இருந்தாலும் அது க்ரானுக்குக் கிடைக்காமல் போகலாம் என்பதால், உங்கள் நிலையில் நான் முதலில் எதிர்பார்ப்பது இதைத்தான்.

அப்புறம் ஒன்று. ரிப்போர்ட் வரவில்லை என்று மேலாளர் கேட்டுத்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்ற நிலை நீடிக்கக் கூடாது. வேலை ஒழுங்காக முடிந்ததும் ஸ்கிரிப்ட் ஒரு சிறு கோப்பில் நேரத்தைக் குறித்துவைக்கட்டும். அந்தக் குறிப்பு பழையதாகிவிட்டால் வேறொரு இயந்திரம் மெயில் அல்லாத வழியில் உங்களை எழுப்பட்டும். இந்த ஏற்பாட்டை யாரும் தள்ளிப்போட வேண்டாம் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: லாகில் ‘அனுப்பப்பட்டது’ என்றே இருக்கிறது. ஆனால் மாதக் கடைசி ரிப்போர்ட் மட்டும் ஒரு கிளைக்குப் போய்ச் சேருவதில்லை. ஏன்?

பதில்: கோப்பின் அளவைப் பாருங்கள். மெயிலில் இணைக்கும்போது குறியாக்கத்தால் கோப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெரிதாகும். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் நிரலில் ஒரு மெயிலுக்கான இயல்பான அளவு வரம்பு 1,02,40,000 பைட். 8 எம்பி கோப்பே அதைத் தாண்டிவிடும். ‘அனுப்பப்பட்டது’ என்றால் அடுத்த சர்வர் வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். அந்தக் கிளையின் சர்வர் பிறகு மறுத்திருந்தால், திரும்பிய மெயில் அனுப்புநர் முகவரிக்கு வந்திருக்கும். யாரும் திறக்காத அந்த அஞ்சல் பெட்டியை இன்றே திறந்து பாருங்கள். அளவுதான் காரணம் என்றால், கோப்பைப் பொது ஃபோல்டரில் வைத்து மெயிலில் லிங்கை மட்டும் அனுப்புங்கள்.