கடல் வெயிலுக்கு எந்த உடை? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வெயில் காலத்தில் மீன்பிடிக்கச் செல்வோரின் உடை குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்தை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: என் அப்பா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறார். எவ்வளவு வெயில் அடித்தாலும் வெள்ளைப் பருத்திப் பனியனும் சாரமும்தான் உடுத்துவார். முழுக்கைச் சட்டை வாங்கிக் கொடுத்தால் “புழுங்கும்” என்று மடித்து வைத்துவிடுகிறார். கோடைக்குப் பருத்திதான் நல்லது என்று எல்லாரும் சொல்லும்போது, பாலியஸ்டர் சட்டை வாங்கித் தர நினைப்பது தவறா?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: தவறில்லை. கோடைக்குப் பருத்தி நல்லது என்பது வீட்டுக்கும் நிழலில் செய்யும் வேலைக்கும் முற்றிலும் பொருந்தும். படகில் நிலைமை வேறு. அங்கே நிழல் கிடையாது, உடுத்திய துணியும் பெரும்பாலும் நனைந்தே இருக்கும்.

துணி எந்த அளவுக்குப் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கிறது என்பதைக் குறிக்க யூபிஎஃப் என்னும் அளவீடு இருக்கிறது. இதற்கான முதல் தரநிலை 1996இல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வெளியிடப்பட்டது. யூபிஎஃப் 50 என்றால், துணிமேல் விழும் கதிர்களில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 2 சதவீதம் மட்டுமே தோலை எட்டும் என்று பொருள். சாதாரண வெள்ளைப் பருத்தி டி-ஷர்ட்டுக்கு இந்த எண் ஏறத்தாழ 5 முதல் 7 வரைதான் வரும். அதே டி-ஷர்ட் நனைந்துவிட்டால் 3 அளவுக்கு இறங்கிவிடும், அதாவது மூன்றில் ஒரு பங்கு கதிர் உள்ளே வந்துவிடும். உலர்ந்த துணியில் நூல்களுக்கு இடையே இருக்கும் காற்று, கதிர்களைச் சிதறடிக்க உதவுகிறது. அந்த இடைவெளிகளில் தண்ணீர் நிரம்பியதும் சிதறல் குறைந்து, கதிர்கள் நேராக ஊடுருவுகின்றன. நனைந்த வெள்ளைத் துணிக்கு அடியில் உடம்பு தெரிவதை நாம் கண்ணாலேயே பார்க்கிறோம் அல்லவா, புற ஊதாக் கதிரும் ஏறக்குறைய அந்த வழியில்தான் போகிறது. உங்கள் அப்பாவின் பனியனோ டி-ஷர்ட்டைவிட மெல்லியது. கைகளையும் கழுத்தையும் அது மூடுவதே இல்லை.

பாலியஸ்டர் இழையின் வேதி அமைப்பே புற ஊதாக் கதிர்களை, அதிலும் தோலைச் சுட்டுச் சிவக்கச் செய்யும் வகையை, நன்றாக உறிஞ்சும் தன்மை கொண்டது. அது தண்ணீரையும் அதிகம் பிடித்து வைக்காது. ஆகவே அலை தெறித்து நனைந்தாலும் காற்றில் விரைவில் உலர்ந்துவிடும். ஆயினும் பாலியஸ்டர் என்று எழுதியிருப்பதாலேயே எல்லாச் சட்டையும் நல்லதாகிவிடாது. கடைகளில் தொங்கும் விளையாட்டு ஜெர்சிகள் பலவற்றில் காற்றோட்டத்துக்காக ஊசித்துளை போன்ற வலைப்பின்னல் இருக்கும். அந்தத் துளைகள் காற்றை விடுவதைப் போலவே வெயிலையும் விடும். வாங்குவதற்கு முன் துணியை ஒற்றை மடிப்பாக வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். விளக்கின் வடிவம் தெளிவாகத் தெரிந்தால் அந்தச் சட்டையை வைத்துவிடலாம். இது ஆய்வகச் சோதனைக்கு ஈடாகாது என்றாலும், ஒதுக்க வேண்டியதை ஒதுக்கப் போதுமானது. யூபிஎஃப் முத்திரை உள்ள சட்டை கைக்கு எட்டும் விலையில் கிடைத்தால் வாங்கலாம். கிடைக்காவிட்டால், நெருக்கமாக நெய்த பாலியஸ்டர் அல்லது பாலியஸ்டர் கலந்த பருத்தித் துணியை எடுத்து, காலர் வைத்து, முழங்கைக்குக் கீழே மணிக்கட்டு வரை இறங்கும்படி தையற்காரரிடம் தைத்துக்கொள்வதே சிக்கனமும் சிறப்பும் ஆகும்.

புழுக்கம் என்று அவர் சொல்வதைத் தள்ளிவிடக் கூடாது. காற்றில் ஈரப்பதம் மிகுந்த கடற்கரையில் வியர்வை உலர்வதே கடினம். உடம்போடு ஒட்டிய சட்டை அதை இன்னும் கடினமாக்கும். எனவே வழக்கமான அளவைவிட ஒரு அளவு பெரிதாகவும், அக்குளுக்குக் கீழும் முதுகுப் பட்டிக்கு அடியிலும் காற்று புகும் திறப்பு உள்ளதாகவும் சட்டை இருக்கட்டும். துணிக்கும் தோலுக்கும் இடையில் காற்று போய்வரும்போது புழுக்கம் பெருமளவு குறையும். இறுகி விரியும் துணியில் நூல்கள் விலகுவதால் காப்பும் குறையும் என்பது தளர்வான சட்டைக்கு இன்னொரு காரணம்.

ஒன்றை மட்டும் அவருக்கு அமைதியாக எடுத்துச் சொல்லுங்கள். உடம்பு உணர்வது வெப்பத்தைத்தான், புற ஊதாக் கதிரை அல்ல. கடற்காற்று வீசும்போது வெயில் உறைக்கவில்லை என்று தோன்றும், ஆனால் கதிரின் அளவு குறைந்திருக்காது. தூத்துக்குடியில் சூரியன் நேர் தலைக்கு மேலே வருவது ஆண்டுக்கு இரண்டு முறை, சித்திரைப் பிறப்பையொட்டியும் ஆவணி நடுவிலும். அந்நாட்களில் உச்சி வேளை பகல் 12 மணி கடந்து கால்மணி நேரத்துக்குப் பிறகுதான். விடியுமுன் கிளம்பிப் பகல் சாய்ந்து கரை சேர்பவர், அதற்கு முன்னும் பின்னும் உள்ள கடுமையான நேரம் முழுவதையும் கடலிலேயே கழிக்கிறார். தொழிலுக்குக் கிளம்பும்போதே முழுக்கைச் சட்டையைப் போடத் தேவையில்லை. காலை ஒன்பது மணி வாக்கில், தம் நிழல் தம் உயரத்தைவிடக் குட்டையாகத் தொடங்கும்போது போட்டுக்கொண்டால் போதும் என்று சொல்லிப் பாருங்கள். அவர் ஏற்றுக்கொள்ளக்கூடும்.

கேள்வி: எங்கள் ஊரில் பெண்கள் பாசி எடுக்கக் கடலில் இறங்குகிறோம். சேலைக்கு மேல் ஆண்களின் பழைய சட்டையைப் போட்டுக்கொள்வது வழக்கம். தண்ணீருக்குள் இருக்கும்போது வெயில் படாது என்று நினைக்கலாமா? வேறு உடை தேவையா?
– ஒரு வாசகி, பாம்பன்

பதில்: தண்ணீர் வெயிலைத் தடுத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அரை மீட்டர் ஆழத்திலும் மேற்பரப்பில் உள்ள புற ஊதாக் கதிரில் ஏறத்தாழ 40 சதவீதம் இருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடுகிறது. பாசி எடுப்பவர்கள் குனிந்தும் மிதந்தும் வேலை செய்வதால் முதுகும் பின்கழுத்தும் தண்ணீர்மட்டத்துக்கு அருகிலேயே இருக்கின்றன. உடம்பு குளிர்ச்சியாக இருப்பதால் தோல் எரிவதும் உடனே தெரியாது.

சேலைக்கு மேல் சட்டை போடும் வழக்கத்தை உங்கள் ஊர்ப் பெண்கள் தாங்களாகவே கண்டடைந்திருக்கிறார்கள். அது சரியான வழிதான், அதை விடவே கூடாது. மாற்ற வேண்டியது சட்டையின் துணியை மட்டுமே. பலமுறை துவைத்து நைந்துபோன வெள்ளைப் பருத்திச் சட்டைக்குப் பதிலாக, கருநீலம், பச்சை போன்ற அழுத்தமான நிறத்தில், பாலியஸ்டர் கலந்த சட்டையைத் தேர்ந்தெடுங்கள். உடம்பு தண்ணீரில் இருப்பதால் அடர்நிறம் உங்களுக்குச் சூடேற்றாது. அடர் சாயம் கதிரையும் கூடுதலாக உறிஞ்சிக்கொள்ளும். நீச்சலுக்கென விற்கப்படும், உடம்போடு ஒட்டிய முழுக்கை மேலுடைகள் இந்த வேலைக்கு மிகப் பொருத்தமானவை. தளர்வாக இருக்க வேண்டும் என்று முந்தைய கேள்விக்குச் சொன்னது படகின் மேல் இருப்பவர்களுக்கு. தண்ணீருக்குள் தளர்வான துணி பாறையிலும் பாசியிலும் சிக்கும், நீந்தும்போது இழுக்கும். சேலைக்கு அடியில் கணுக்கால் வரை வரும் லெக்கிங்ஸ் போட்டுக்கொண்டால் கால்களுக்கு வெயிலிலிருந்து மட்டுமல்ல, பாறைச் சிராய்ப்பிலிருந்தும் பாதுகாப்பு கிடைக்கும்.

பின்கழுத்தை மறக்காதீர்கள். கொண்டையை உயர்த்திக் கட்டும்போது அந்த இடம் திறந்தே கிடக்கிறது. தலையைச் சுற்றிக் கட்டும் துணியின் ஒரு முனையைப் பின்னால் தொங்கவிட்டு, சட்டைக் காலருக்குள் செருகிக்கொள்ளுங்கள். கரையேறியதும் ஈர உடையிலேயே உட்கார்ந்து பாசியைப் பிரிக்காமல், உலர்ந்த சட்டை ஒன்றை மாற்றிக்கொண்டு நிழலில் உட்கார முடிந்தால் நல்லது. மணல் திருப்பி அனுப்பும் கதிர் தண்ணீர் திருப்பி அனுப்புவதைவிட அதிகம்.

கேள்வி: விடுமுறை நாட்களில் பழவேற்காடு பக்கம் தூண்டில் போடப் போவேன். கறுப்புக் கண்ணாடி, கிரிக்கெட் தொப்பி, முகத்தை மூடும் குழாய்த் துணி எல்லாம் வாங்கிவிட்டேன். சட்டை மட்டும் என்ன நிறத்தில் வாங்குவது? வெள்ளை குளிர்ச்சி என்கிறார்கள், கறுப்புதான் காப்பு என்கிறார்கள்.
– ஒரு வாசகர், சென்னை

பதில்: இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. ஒரே துணியை வெள்ளையாகவும் அடர்நிறத்திலும் எடுத்துக்கொண்டால், அடர்நிறமே கதிரை அதிகம் தடுக்கும், வெயிலில் அதிகம் சூடாவதும் அதுவே. சினாய் பாலைவனத்து பெதோயின் மக்களின் கறுப்பு அங்கியை ஆராய்ந்து 1980இல் வெளியான முடிவு இங்கே நினைவுகூரத் தக்கது. கறுப்பு அங்கி கூடுதல் வெப்பத்தை வாங்கினாலும், அது தளர்வாக இருந்ததால் உள்ளே காற்று ஓடி, அந்தக் கூடுதல் வெப்பம் உடம்பைச் சேராமல் வெளியேறியது. வெள்ளை அங்கி அணிந்தவருக்கும் கறுப்பு அங்கி அணிந்தவருக்கும் உடம்பு ஏற்ற வெப்பத்தில் வேறுபாடு இல்லை. நம் ஏரிக்கரையின் ஈரக்காற்று பாலைவனக் காற்று அல்ல என்பதால் கறுப்பைப் பரிந்துரைக்க மாட்டேன். யூபிஎஃப் முத்திரை உள்ள சட்டை என்றால் வெளிர்நிறமே எடுங்கள், காப்பு ஏற்கெனவே உறுதியாகிவிட்டது. முத்திரை இல்லாத சட்டை என்றால் வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே, சாம்பல், நீலம், காக்கி போன்ற நிறங்கள் பொருத்தமானவை.

நீங்கள் வாங்கியிருப்பவற்றில் கிரிக்கெட் தொப்பிதான் எனக்குக் குறையாகப் படுகிறது. அது நெற்றியையும் மூக்கையும் காக்கும், ஆனால் காதுகளையும் பின்கழுத்தையும் அப்படியே விட்டுவிடும். சுற்றிலும் ஏழரை சென்டிமீட்டருக்குக் குறையாத விளிம்பும், தாடைக்கடியில் கட்டும் கயிறும் உள்ள தொப்பி வேண்டும். விளிம்பின் அடிப்பக்கம் அடர்நிறமாக இருப்பது முக்கியம். வெள்ளையாக இருந்தால் தண்ணீரிலிருந்து எழும் ஒளி அதில் பட்டு மறுபடியும் உங்கள் முகத்திலேயே விழும். நம் கரையோரங்களில் முன்பு முடைந்த பனையோலைத் தொப்பி எடை குறைந்தது, தலைக்கும் ஓலைக்கும் இடையே காற்று விடுவது. அகன்ற விளிம்போடு நெருக்கமாக முடைந்தது கிடைத்தால் இன்றும் தயங்காமல் அணியலாம்.

கண்ணாடியைப் பொறுத்தவரை, கறுப்பாக இருப்பது காப்பாகாது. புற ஊதாக் கதிரைத் தடுக்காத கறுப்புக் கண்ணாடியை அணிந்தால், இருட்டில் கண்மணி விரிந்து, வழக்கத்தைவிட அதிகக் கதிரை உள்ளே விடக்கூடும். யூவி 400 என்ற குறிப்பு உள்ளதா என்று பார்த்து, நம்பகமான கண்ணாடிக் கடையில் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். போலரைஸ்டு கண்ணாடி தண்ணீரின் கூச்சத்தைக் குறைத்து மீனின் அசைவைக் காட்டும். அது தனி வசதி, அதனாலேயே புற ஊதாக் காப்பு வந்துவிடாது, இரண்டும் இருக்க வேண்டும். பக்கவாட்டிலும் வளைந்து மூடும் சட்டம் நல்லது. முகத்துக்கான குழாய்த் துணி மிக நல்ல தேர்வு. அது நனைந்து மூக்கோடு ஒட்டி மூச்சை அடைக்கும்போது மட்டும் இறக்கிவிட்டு, உலர்ந்த இன்னொன்றை மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிறந்ததிலிருந்து கடற்கரை வெயிலில் வளர்ந்த கறுத்த தோல் எங்களுக்கு. இதெல்லாம் வெள்ளைக்காரர்களுக்குத்தானே?
– ஒரு வாசகர், குளச்சல்

பதில்: உங்கள் தோலுக்குக் கறுப்பு நிறம் தரும் மெலனின் என்னும் நிறமி ஓரளவு காப்புத் தருகிறது, தோல் புற்றுநோய் நம்மிடையே குறைவு என்பதும் உண்மை. ஆனால் கண்ணுக்கு அந்தக் காப்பு இல்லை. வெண்விழியில் மூக்குப் பக்கமிருந்து முக்கோண வடிவில் சதை வளர்ந்து கருவிழியை நோக்கி ஏறும் டெரிஜியம் என்னும் நிலை, வெயிலிலும் காற்றிலும் நெடுங்காலம் உழைப்பவர்களிடம் அதிகம் காணப்படுகிறது. நீண்டகாலப் புற ஊதாக் கதிர் கண்புரைக்கும் ஒரு காரணம். உதடுகளில், குறிப்பாகக் கீழுதட்டில், மெலனின் குறைவு. கன்னத்திலும் நெற்றியிலும் படரும் மங்கு நம் நிறத்தவர்களிடம்தான் அதிகம், வெயில் அதை அழுத்தமாக்கும். இன்னொன்று, டாக்சிசைக்ளின் போன்ற சில மாத்திரைகளைச் சாப்பிடும் காலத்தில் எந்த நிறத் தோலும் வெயிலில் எளிதில் எரியும். அந்த நாட்களில் கடலுக்குப் போக நேர்ந்தால் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது அவசியம். ஆகவே சட்டையைப் பற்றி உங்களுக்குத் தயக்கம் இருந்தாலும், தொப்பியையும் கண்ணாடியையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி: வாங்கிய சட்டை எத்தனை நாள் தாங்கும்? துவைத்தால் காப்பு போய்விடுமா? படகில் அணிவதில் கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?
– ஒரு வாசகி, நாகப்பட்டினம்

பதில்: துவைப்பதால் மட்டும் காப்பு போய்விடாது. பருத்தி கலந்த சட்டை முதல் சில துவைப்புகளில் சற்றுச் சுருங்கி நூல்கள் நெருங்குவதால், காப்பு கூடவே செய்யும். காப்பைக் குறைப்பவை மூன்று: துணி நைவது, சாயம் வெளுப்பது, தொளதொளவென்று இழுபட்டுப்போவது. முழங்கையும் தோள்பட்டையும்தான் முதலில் நையும் இடங்கள், அங்கே வெளிச்சம் தெரியத் தொடங்கிவிட்டால் சட்டையைக் கரை வேலைக்கு ஒதுக்கிவிடுங்கள். கரை சேர்ந்ததும் நல்ல தண்ணீரில் அலசுவது கட்டாயம். உப்புப் படிந்து உலர்ந்த துணி விறைத்து, கழுத்திலும் அக்குளிலும் உரசிப் புண்ணாக்கும். பிளீச் போட வேண்டாம்.

படகில் முதன்மையான கவனம், சுழலும் பாகங்களைப் பற்றியது. கழுத்தில் தொங்கும் துண்டும், அவிழ்ந்து ஆடும் சாரமும், பொத்தான் போடாத கைமுனையும் எஞ்சின் பெல்ட்டிலோ வலை இழுக்கும் வின்ச்சிலோ சிக்கினால் விபரீதமாகிவிடும். உடம்புப் பகுதி தளர்வாக இருந்தாலும் மணிக்கட்டில் பொத்தான் இறுக வேண்டும், கழுத்துத் துண்டுக்குப் பதில் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ள வேண்டும். லைஃப் ஜாக்கெட் எப்போதும் சட்டைக்கு மேலேதான் வர வேண்டும், உள்ளே போட்டு மேலே சட்டையை மாட்டக் கூடாது. துணி மூடாத கைப்புறத்துக்கும் முகத்துக்கும் எஸ்பிஎஃப் என்னும் காப்பு எண் 30க்குக் குறையாத, தண்ணீரில் எளிதில் கரையாத சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூச வேண்டும். வலை இழுக்கும் கைக்கு அது வழுக்கும் என்பவர்கள் விரல்நுனி திறந்த மெல்லிய கையுறையை அணியலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் உலர்ந்த சட்டை ஒன்றைக் குடிதண்ணீரோடு சேர்த்துக் கொடுத்தனுப்புங்கள். உச்சி வேளைக்கு முன் நனைந்ததைக் கழற்றி இதை மாட்டிக்கொண்டால், புதிதாக எதையும் வாங்காமலேயே காப்பு கூடிவிடும்.