சிவப்புப் புள்ளிகள்

கேள்வி: அலுவலகக் கணக்குகளைக் கணினிக்கு மாற்றுகிறோம். மூத்த ஊழியர்கள் முரண்டு பிடிக்கிறார்கள். ‘ஏன் எதிர்க்கிறீர்கள்?’ என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தக் கேள்வியை நிறுத்துங்கள். கேட்கக் கேட்கக் காரணங்கள்தான் பெருகும். கிடங்குப் பொறுப்பில் இருந்தபோது நானும் இதே தவற்றைச் செய்தவன். ஒரு நாள், யாருக்கும் பிடிகொடுக்காத பெரியவரிடம், “இந்தப் பேரேட்டில் உங்களுக்குப் பெருமையான பக்கம் எது?” என்றேன். நேராக ஒரு பக்கத்தைப் பிரித்தார். ஓரமெல்லாம் சிவப்பு மையில் சின்னப் புள்ளிகள். சரக்கைத் தாமதமாக அனுப்புகிறவர்களுக்கு அவர் வைத்த அடையாளமாம்! புதிய மென்பொருளில் அதற்கு இடமே இல்லை. குறிப்புக்கென்று ஒரு கட்டம் சேர்த்தோம். அதற்குப் பெயர் வைத்ததும் அவர்தான்.

நிர்வாகவியல் ஆய்வாளர்கள் டேவிட் கூப்பர்ரைடரும் சுரேஷ் ஸ்ரீவஸ்தவாவும் 1987இல் எழுதிய கட்டுரையில் முன்வைத்த ‘அப்ரிஷியேட்டிவ் இன்கொயரி’ என்ற, நிறுவனங்களில் மாற்றம் கொண்டுவரும் முறையின் தொடக்கமும் இதுதான்: நன்றாக நடந்ததைத் தேடுவது. ‘பாராட்டி வினவல்’ எனலாம். ‘விசாரணை’ என்றால் காவல் நிலையம் நினைவுக்கு வருகிறது.

ஒன்றை மறக்காதீர்கள்: வேலை போய்விடுமோ என்று அவர்கள் பயந்தால் இந்த வினவல் எடுபடாது. அதற்கு நேரடியாகப் பதில் சொல்லிவிட்டுப் பேரேட்டுப் பக்கம் போங்கள்.